அண்ணன் ‘வாங்க’ என்று கூப்பிட்டபோது

எங்கள் செஞ்சிப் பக்கத்தில் கூடப் பிறந்தவன் மரியாதை கொடுத்துப் பேசினால் கோபமாக இருக்கிறான் என்று அர்த்தம். “இன்னாடி, எப்ப வந்த?” என்று கேட்டால் உறவு நன்றாக இருக்கிறது. “வாங்க, நல்லா இருக்கீங்களா?” என்றால் முடிந்தது கதை.

என் அண்ணன் மூன்று வருடமாக என்னை ‘வாங்க’ என்றுதான் கூப்பிட்டான். என்ன தலையெழுத்து!

மூத்தவளுக்குக் கோவையில், என் புகுந்த வீட்டில், காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் வந்த பஸ் சேலத்தில் படுத்துவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று மாமனார் தன் பங்காளி ஒருவர் மடியில் வைத்துக் குத்த வைத்துவிட்டார். நான் கத்தியும் பயனில்லை. சீர்த்தட்டோடு வாசலில் வந்து நின்ற அண்ணன், குழந்தையின் காதைப் பார்த்தான். “வரேங்க” என்றான். சாப்பிடாமலே போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் திட்டுக்கு நான் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. கோவையில் எல்லாரும் ‘ஏனுங்க’ என்று இனிக்க இனிக்கப் பேசுவார்கள். எனக்கோ “பேஜாரு பண்ணாத”, “உதாரு வுடாத” என்று யாராவது அதட்ட வேண்டும். வேர்க்கடலையை மல்லாட்டை என்றால் என் மகளே சிரிக்கிறாள். மணிலாக்கொட்டைதான்டி தேய்ந்து மல்லாட்டை ஆனது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவரிடம் எல்லாவற்றுக்கும் கதை உண்டு. ‘பேஜாரு’ நவாப்பு சிப்பாய்கள் விட்டுப்போன வார்த்தை என்பார். கைக்கு வந்ததை நழுவ விட்டால் கோட்டை விட்டதாக ஊர் உலகமே சொல்கிறது. நைனாவோ அதற்கும் எங்கள் செஞ்சிக்கோட்டை மலையைத்தான் காட்டுவார். “எத்தினி பேரு ஆண்டானுங்க! எல்லாம் கோட்டைய வுட்டுட்டுப் பூட்டானுங்க. நாமதான் கீறோம்.” நைனாவும் போனபின் இதைப் பேசிச் சிரிக்க எனக்கு அண்ணன் மட்டும்தான் மிச்சம்.

போன மாதம் சின்னவனுக்குக் காதுகுத்து. செஞ்சியில்தான் என்று பிடிவாதம் பிடித்தேன். அண்ணனுக்குப் போன் போட்டேன். “பாக்கறேங்க” என்றான்.

கோட்டை அடிவாரக் கோயிலில் ஆசாரி ஊசியோடு தயார். அண்ணனைக் காணோம். மாமனார் வாட்சைப் பார்த்தார். அதே பங்காளி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார வந்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம்!

“எங்கண்ணன் வராம குத்த வுடமாட்டேன். நேரம் போனா போவட்டும்!”

போயே போய்விட்டது. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பிள்ளையை விடவில்லை.

அப்புறம்தான் அண்ணன் வண்டி வந்தது. மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை இறக்கிய தூசி தலையெல்லாம். எல்லாம் முடிந்திருக்கும், தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறான். குத்தாத காதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“ஏ லூசு, இன்னாடி இது? எனுக்காவ நல்ல நேரத்தக் கோட்ட வுட்டுட்டு நிக்கிற?”

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவன் சப்பணமிட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினான்.

“அழுதது போதும். குடுடி புள்ளைய.”