சிவப்பு நாடா ஒட்டிய விசை

மோலிக்குக் கோபம் வந்தால் வாயைவிடக் கைதான் அதிகம் பேசும். தேவராஜ மொஹல்லாவில் நஞ்சுண்டசாமியின் அச்சகத்தில் பதினொரு வருஷமாகத் தட்டச்சு செய்கிறவள். விசைப்பலகையில் விழும் அடியை வைத்தே இன்று அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள். 1996 தசரா முடிந்த வாரத்தில் அந்த அடி மார்க்கெட் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். அச்சகத்தில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் டாஸ் என்கிற பழைய இயங்குதளம். அந்த டாஸில் மட்டுமே ஓடுகிற ஒரு தமிழ் மென்பொருள். வேலை போக மிச்ச நேரத்தில் அதில்தான் மோலி தன் பங்குக் கோயிலுக்குத் தமிழ்ப் பாட்டுப் புத்தகம் அடித்துக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டு, ஏழு மாத வேலை. கன்னட ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தமிழ்த் திருப்பலி. அதற்கு வருகிறவர்கள் கையில் இருப்பதோ நூல் பிரிந்து தொங்கும் பழைய புத்தகம். கிறிஸ்துமஸுக்குள் புதுசு தருகிறேன் என்று சாமியாரிடம் சொல்லியாயிற்று. பாடல் குழுவை நடத்துகிற கணவர் லூர்துராஜ் வேறு, "எப்ப வரும், எப்ப வரும்" என்று வீட்டில் அரித்தெடுத்தார்.

அந்த நேரம் பார்த்தா முதலாளிக்கு விண்டோஸ் 95 ஆசை வரவேண்டும்? கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்களாம்.

"புதுசு போடுங்க சார், வேண்டாங்கல. ஆனா பழசு போயிடக் கூடாது" என்று மோலி கறாராகச் சொல்லிவிட்டாள்.

சும்மா சொல்லவில்லை. புதியதற்குள்ளிருந்து திறந்தால் அந்தத் தமிழ் மென்பொருள் திரையைக் கறுப்பாக்கிவிட்டு அப்படியே நின்றுவிடும். நகலெடுத்தாலும் ஓடாது. மூல ஃப்ளாப்பிகள் போன மழையில் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டன. விற்ற கம்பெனியும் இப்போது இல்லை. பாட்டுகளைத் தனி ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தாள்தான். ஆனால் அதைத் திறக்க அந்த மென்பொருள் வேண்டுமே!

சேகரன் வந்தான். ஹெப்பாள் ஃபாக்டரி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. வார லீவில் இப்படிக் கைவேலை பார்ப்பான். புதியதைத் தனி இடத்தில் போட்டு, பழையதைத் தொடாமல் விட்டான்.

"அக்கா, ஆன் பண்ணதும் 'ஸ்டார்ட்டிங்'னு ஒரு வரி வரும். ரெண்டு செகண்டுக்குள்ள எஃப் 4 அமுக்குங்க, பழசு வந்துடும். விட்டீங்கன்னா புதுசுதான்."

மோலி அந்த விசைமேல் சிவப்பு நாடாவில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிக்கொண்டாள். மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. தினமும் காலையில் வந்ததும் அதை அமுக்கி, ஒரு பாட்டு அடித்துவிட்டுத்தான் ஆபீஸ் வேலை.

ஆயுத பூஜை வந்தது. நஞ்சுண்டசாமி அச்சு இயந்திரம் தொடங்கி ஸ்டேப்ளர் வரைக்கும் எதையும் விடவில்லை. கம்ப்யூட்டருக்கும் பூ சுற்றி, விசைப்பலகையின் மேல்வரிசை எஃப் விசைகள்மேல் மூன்று விரலால் சந்தனத்தைத் தாராளமாக இழுத்து, குங்குமம் வைத்தார். எல்லாரும் பொரி கடலையோடு கிளம்பிய பிறகு மோலி அந்தச் சந்தனத்தைப் பார்த்தாள். கூழாக இருந்தது. துணியை எடுத்தாள், எடுத்த கையோடு வைத்துவிட்டாள். அங்கே கிறிஸ்தவப் பெண் அவள் ஒருத்திதான். சாமிக்கு வைத்ததை இவள் துடைத்தாள் என்று பேச்சு வரக்கூடாது. தானாக உதிரட்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

லீவு முடிந்து வந்து மெஷினைப் போட்டாள். வரி வந்தது. அமுக்கினாள். புதுசுதான் வந்தது. அணைத்துப் போட்டு மறுபடி அமுக்கினாள். புதுசு. இருபது தடவை. "சனியனே, உனக்கு என்னதான் வேணும்?" என்று மெஷினிடமே கத்தினாள். சேகரனோ குண்டலுபேட்டை மாமியார் வீட்டில் தசரா விருந்தில் இருந்தான். நாலு நாள் மோலி பல்லைக் கடித்துக்கொண்டு கன்னடக் கல்யாணப் பத்திரிகை அடித்தாள்.

சேகரன் வந்து அமுக்கிப் பார்த்தான். பக்கத்து எஃப் விசைகளையும் தட்டிப் பார்த்தான், எதுவும் பழசை எழுப்பவில்லை. உதட்டைப் பிதுக்கினான்.

"பழசு கெட்டுப் போச்சுக்கா. எழுந்திருக்க மாட்டேங்குது."

"ஓடாததை ஏன் வெச்சுக்கொள்ளணும்? பாதி டிஸ்க் அடைச்சிக்கிட்டு இருக்கு. தெகெதுபிடு, எடுத்துப் போட்டுடு" என்றார் நஞ்சுண்டசாமி.

சேகரன் மோலியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்றிருந்தால் விட்டிருப்பான். அலுத்துப் போயிருந்தாள் அவள்.

"செத்ததை வெச்சு என்ன பண்ண? எடுத்துடு தம்பி."

அரை மணி நேரத்தில் பழைய டாஸையும் அதோடு தமிழ் மென்பொருளையும் துடைத்து எடுத்துவிட்டான்.

மறுநாள் ஒரு பத்திரிகைக்கு மேல்வரிசை விசை ஒன்று தேவைப்பட்டது. வேலை செய்யவில்லை. அடுத்ததும் இல்லை. மோலியின் கை நின்றது. விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினாள். மேஜையில் மஞ்சளாகத் தூள் கொட்டியது. கொண்டை ஊசியால் சிவப்பு நாடா விசையை நெம்பி எடுத்தாள். அடியில் சந்தனம் கல்லாக இறுகிக் கிடந்தது.

"சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் நஞ்சுண்டசாமி சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார். பார்த்தார். ஒன்றும் புரியாமல் அவள் முகத்தையும் பார்த்தார்.

"தினம் பெளிக்கே, காலைல வந்ததும் நீ முதல்ல தொடற கீ அதுதானேம்மா? சிவப்பு வேற ஒட்டியிருந்தே. அதனாலதான் அதுக்கு மட்டும் ஜாஸ்தி வெச்சேன்."

இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? தன்னைத்தான் எதைக்கொண்டு அடித்துக்கொள்வது? ஒரு துணி, ஒரே ஒரு துடைப்பு! மோலி குழாயடிக்குப் போய் விசையைக் கழுவித் துடைத்து, பள்ளத்தைச் சுரண்டி, திரும்பப் பொருத்தினாள். மெஷினை அணைத்துப் போட்டாள். வரி வந்தது. எஃப் 4 இப்போது நன்றாகவே அமுங்கியது.