கயிறு கட்டிய கதவு

என் கணவருக்கு நாடகம் என்றால் உயிர். வார நாட்களில் பஸ் ஓட்டுவார். வருடத்துக்கு ஒருமுறை, இந்தக் குளிர் நாட்டில் நாங்கள் வாழும் புருசெத்தில் நடக்கும் எங்கள் தமிழ் ஆட்களின் விழாவில் எழுதுவது, இயக்குவது, நடிப்பது எல்லாம் அவர்தான். இம்முறை எடுத்தது நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் அமெரிக்க நாடகத் தயாரிப்பாளரின் கதை. டிக்கெட் கிழிக்கும் வேலையில் தொடங்கி, ஊருக்கு ஊர் அரங்கு கட்டியவர். ஓசியில் ஆட்கள் நுழைகிறார்கள் என்று பக்கக் கதவுகளைப் பூட்டவைக்கிறார். பிள்ளைகளுக்கான பகல் காட்சியில் திரை தீப்பிடிக்கிறது. தயாரிப்பாளராக நடிப்பது கணவர், பூட்டிய கதவடியில் விழுந்து சாகும் பிள்ளைகளில் ஒருத்தி எங்கள் மகள். நான் மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவள்.

எங்கள் விழாக்களில் ஒரு பழக்கம். பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டுமுன், கூரையில் உள்ள புகை அலாரங்களுக்குப் பிளாஸ்டிக் பை கட்டிவிடுவோம். ஒருமுறை அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. அதன்பிறகு விழா முடியும்வரை பையை ஒருவரும் கழற்றுவதில்லை. கற்பூரம் அணைந்ததும் கழற்றுவோம் என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள்.

அன்று நாடகம் பாதி நடந்துகொண்டிருக்கும்போதுதான் மேடைக்குப் பின்னால் இருந்த அவசரக் கதவைக் கண்டேன். கைப்பிடியைப் பக்கத்துக் குழாயோடு சேர்த்து நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. திரையோரம் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. காட்சி முடிந்து உள்ளே வந்த கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

“இதை ஆர் கட்டினது?”

“நான்தான். சிகரெட் பத்தப் போறவை திறந்து திறந்து வெளிச்சம் விழுது. முடிஞ்ச உடனை அவிழ்க்கலாம்.”

“பிள்ளையள் எல்லாம் இந்தப் பக்கம்தானே நிக்கினம்?”

“உமக்கு எல்லாத்துக்கும் பயம். வசனத்தைப் பாரும்.”

முடிந்ததும் திறக்கலாம் என்பது நாடகத்தில் அந்த அமெரிக்கர் சொல்லும் வசனம். ஒத்திகை தோறும் நான்தான் எடுத்துக்கொடுத்தேன். எழுதிய மனிதருக்கே அது உறைக்கவில்லை.

அவர் தீப்பிடிக்கும் காட்சிக்காக மேடைக்குப் போனதும், உடுப்புப் பெட்டியில் இருந்த கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டிக் கதவைத் தள்ளினேன். பனிக்காற்று மேடைவரை அடித்துக் குத்துவிளக்கு அணைந்தது. சபையில் முணுமுணுப்பு எழுந்தது.

நாடகம் முடிந்ததும் சனம் அவரைச் சூழ்ந்துகொண்டது.

“தீப்பிடிக்கேக்கை குளிர் வந்து அடிச்சது, புல்லரிச்சுப்போச்சு அண்ணை,” என்றார் ஒருவர். தன் யோசனைதான் என்பதுபோல இவரும் தலையாட்டினார்.

காரில் வரும்போது சொன்னார்: “பேர்கன் ஆக்களும் தங்கடை விழாவிலை போடக் கேட்டிருக்கினம். வசனத்துக்கு வேறை ஆள் பாக்கிறன். நீர் மினக்கெட வேண்டாம்.”

“பிள்ளை?”

“அவ இல்லாமல் என்னெண்டு?”

பின் இருக்கையிலிருந்து மகள் கேட்டாள்: “அப்பா, அங்கையும் நான் கதவடியிலையோ விழுந்து கிடக்கிறது?”

“ஓம் குஞ்சு,” என்றார்.