ஈரமில்லாத அளவுக்கம்பி

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்குத்தான் முதல் நிம்மதி. சொல்லவே நாக்கு கூசுகிறது. பேய்க்குப் பயந்து அல்ல, என் புத்தியை நினைத்து.

மலைமேல் இருக்கும் எல்டோரெட் ஊரில் எனக்கு ஒரு சின்ன கார் பட்டறை. எல்லோருக்கும் நான் ‘ஃபுண்டி’. எங்கள் பக்கம் மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்று ஞாயிறு, மூன்று நாற்பது. பக்கத்து டீக்கடை டிவியில் மாரத்தான் ஓட்டம். என் சித்தப்பா மகன் முதல் ஐந்து பேரில் ஓடிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து சிஸ்டர் ஜெரோடிச் தன் வெள்ளைக் காரில் வந்து நின்றார். கெரியோ பள்ளத்தாக்கில் நர்ஸ் வேலை பார்ப்பவர். ஆட்டோமேட்டிக் வண்டி.

“காலைல தரையில சிவப்பா ரெண்டு சொட்டு கிடந்துச்சு ஃபுண்டி. கியர் ஆயில் எவ்வளவு இருக்குன்னு பாத்துடுங்க. இப்பவே கீழ இறங்கணும்.”

அதைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொன்றாகப் போட்டு, மூன்று எண்ணி, அடுத்ததற்கு மாற்ற வேண்டும். அப்புறம்தான் மற்றவர், ஆயிலில் முங்கி நிற்கும் அளவுக்கம்பியை உருவி, எதுவரை ஈரம் என்று பார்க்கலாம். மொத்தமே ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. பானட்டைத் தூக்கினேன். அதன் மறைவில், கம்பியை உருவாமலே, கையிலிருந்த துணியைப் புது ஆயில் டப்பாவில் தொட்டேன். கொண்டு போய்க் காட்டினேன்.

“பாருங்க சிஸ்டர், எவ்வளவு சிவப்பு. நிறைய இருக்கு. தைரியமா போங்க.”

“சரி சரி, உங்க காலு ரெண்டும் டீக்கடைப் பக்கமே திரும்பி நிக்குது. போய்ப் பாருங்க,” என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

செவ்வாய், மதியம் ஒன்று பத்து. பட்டறையில் நான் மட்டும். உகாலிக் களியை உருட்டி வாயில் வைக்கிறேன்... வாசலில் அதே கார். வந்த சத்தம் கேட்கவில்லை. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்கச் செம்மண்.

“இன்னொரு தடவை பாருங்க, ஃபுண்டி.”

சிஸ்டரின் குரல்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று உடம்பெல்லாம் கூசியது. முகத்தைப் பார்க்காமலே பானட்டைத் தூக்கி, அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“பிரேக்கை மிதிச்சுக்கிட்டு கியரைப் போடுங்க சிஸ்டர்.”

டக்... ஒன்று, இரண்டு, மூன்று.

டக்... ஒன்று, இரண்டு, மூன்று.

கை தவறி இன்ஜினில் பட்டது. மலையேறி வந்த வண்டி, கை வெந்துபோயிருக்க வேண்டும். ஜில்லென்று இருந்தது.

கம்பியை உருவினேன். ஈரமே இல்லை. துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஒரு பொட்டு ஆயில் கிடையாது. ஆயில் இல்லாத ஆட்டோமேட்டிக் ஓரடி நகராது.

“சிஸ்டர்... எப்படி மேல வந்தீங்க?”

டக். டக். டக்.

இப்போது மூன்று எண்ணவில்லை.

புது டப்பாவை எடுத்து ஊற்றினேன். நாலு லிட்டரும். கம்பியை விட்டு எடுத்தேன்... ஈரமில்லை. கீழே குனிந்து பார்த்தேன். தரையிலும் ஈரமில்லை.

கருகல் வாடை.

டக்டக்டக்டக்...

“இப்பவாவது பாத்தீங்களா?”

காதோரம்.

நிமிர்ந்தேன்.

கார் இல்லை. வாசல் மண்ணில் டயர்த் தடம்கூட இல்லை. என் கையில் அளவுக்கம்பி. காலடியில் காலி டப்பா.

சாயங்காலம் நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு சிஸ்டரின் தம்பி ரோனோ வந்தார். கண் வீங்கியிருந்தது. நான் கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“அக்கா போயிட்டா ஃபுண்டி. ஞாயித்துக்கிழமையே, பள்ளத்தாக்குக்கு எறங்குற டம்பாச் வளைவுல காரோட விழுந்திருக்கா. நாங்க வேலைக்குப் போயிட்டான்னு நெனச்சோம். ஆஸ்பத்திரில லீவுன்னு நெனச்சிருக்காங்க. இன்னைக்குக் காலைல பதினோரு மணிக்குத்தான் ஆடு மேய்க்கிறவர் பாத்திருக்கார். எறக்கத்துல கியர் புடிக்காம, பிரேக் எரிஞ்சு போயிருக்குன்னு சொல்றாங்க.”

முதுகுக்குப் பின்னால் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

“ஆயில் இருந்துச்சான்னு பாக்க போலீஸ் பானட்டை நெம்பினாங்க. எல்லாம் நொறுங்கிக் கெடக்கு. ஆனா அளவுக்கம்பி மட்டும் எங்கேயுமே இல்ல.” அவர் என்னைப் பார்த்தார். “நீங்க பாத்தீங்கதானே? அவ கெளம்பும்போது போன்ல சொன்னா... ‘ஃபுண்டி துணியில தொட்டே காட்டினாரு, பயமில்லடா’ன்னு.”

“பாத்தேன்,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அது பொய். செவ்வாய்க்கிழமை உண்மை.

ரோனோ என் இடது கையைப் பிடித்து நன்றி சொன்னார். வலது கையில் இருந்ததை அவரிடம் காட்டும் துணிவு அன்றும் எனக்கு வரவில்லை, இன்றும் வரவில்லை. அந்தக் கம்பி பட்டறைச் சுவரில்தான் தொங்குகிறது. எத்தனை முறை ஆயிலில் முக்கி எடுத்தாலும், காய்ந்தேதான் வருகிறது.