மூன்றாம் வரிசைச் சிரிப்பு

கிளமென்ட் மேடையில் பியானோவைப் பிடித்து ஆட்டுவார். முதலில் கோட்டும் டையுமாக உட்கார்ந்து, மூக்கில் ஈ மொய்த்தாலும் அசையாமல், ஐரோப்பியச் சங்கீதத்தை ஒழுங்காக வாசிப்பார். திடீரென்று யாரோ "கமகம் எங்கே?" என்று அதட்டியதுபோல் நிமிர்வார். பியானோவில் சுரத்தை அசைக்க வழியில்லை. ஆகவே ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறுகையால் ஸ்டாண்டைப் பிடித்துப் பியானோவையே குலுக்குவார். ஸ்ரீரங்கத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகும் வீட்டில் ஒரு அம்மாள், "இதுல தோடி வருமா சார்?" என்று கேட்டதிலிருந்து பிறந்த ஐட்டம் அது.

திருச்சிக் கூட்டத்துக்குப் பியானோ என்றால் சர்ச், பூசை. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது முதலில் சிரித்தால்தான் கட்டு அவிழும். அது மனைவி ஜெசிந்தாவின் வேலை. மூன்றாம் வரிசை ஓரத்தில் இருந்து, விக்கல்போல் கிளம்பி மூச்சுமுட்டி முடியும் ஒரு சிரிப்பு. பார்த்துச் சலித்த ஐட்டத்துக்கும் அவள் புதிதாகவே சிரித்தாள். அவள் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் அதே சிரிப்புதான்.

அந்த வீடு சாதியில் கிளமென்ட்டுக்கு மேல் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட வீடு. ஞானஸ்நானத் தண்ணீர் எத்தனை தலைமுறைக்கு ஊற்றியும் கழுவாத அழுக்கு அது. பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர். இந்தப் பக்கம் அவர்கள் பிணம், அந்தப் பக்கம் இவர்கள் பிணம். "எலும்பு எந்திரிச்சு வந்து பொண்ணு கேக்கும்னு பயம் போல" என்பாள் ஜெசிந்தா.

போன வருஷம், தாய் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். கிளமென்ட் அப்போது முசிறியில் ஒரு கல்யாண வரவேற்பில் பியானோவை ஆட்டிக்கொண்டிருந்தார். ஓடி வந்தபோது சவப்பெட்டி தயார். அவள் வீட்டார் பக்கத்துக் குடும்பக் கல்லறையும் திறந்தாகிவிட்டது. அவள் அண்ணன் அற்புதசாமிதான் கல்லறைக் கமிட்டித் தலைவர். கிளமென்ட் சரியென்று தலையாட்டினார். குடும்பக் கல்லறையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே கல். முதலில் போனவர் பெயரை மேலே வெட்டி, மற்றவருக்காகக் கீழ்ப்பாதியை வெறுமையாக விடுவது வழக்கம். அந்தக் கீழ்ப்பாதி தனக்குத்தான் என்று நம்பினார்.

கல் வெட்டும் நேரம் வந்தபோது போய்க் கேட்டார்.

"கிளமென்ட் சார்," என்றார் அற்புதசாமி. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட மாப்பிள்ளை என்று அழைத்ததில்லை. "தங்கச்சி எங்க வீட்டுப் பொண்ணு. நீங்க சுவத்துக்கு அந்தப் பக்கம். நான் என்ன பண்றது, கமிட்டி ரூலு."

"கமிட்டியே நீங்கதானேங்க."

"அதனாலதான் ரூலை மீறக்கூடாது."

செத்த பிறகு ஒன்றுமில்லை என்பது கிளமென்ட்டின் எண்ணம். அவர் கேட்டது இருக்கிறவர்களின் ஒப்புதலை: இவளுக்கு இவன் புருஷன் என்று கல்லில் ஒரு வரி.

பங்குத் திருவிழாவுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். கிளமென்ட் ஒரு பலகையைப் பியானோவின் நடுவே குத்துக்கல்லாக நிறுத்தினார். வலது கை இடது கையைத் தாண்டிப் போய்க் கீழ்ச் சுரத்தைத் தொட வேண்டிய இசை அது. வலது கை போனது, பலகையில் முட்டியது. விரலால் தட்டி அனுமதி கேட்டது. சட்டைப் பையிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துப் பலகைக்கு மேல் நீட்டிக் காட்டியது. இடது கை விரலை ஆட்டி மறுத்தது. தொட வேண்டிய சுரம் ஒவ்வொரு முறையும் விழாமல், பாட்டு நொண்டியது.

அரங்கில் சத்தமே இல்லை. புரிந்துவிட்டது, வெட்கப்படுகிறார்கள் என்று கிளமென்ட் நினைத்தார்.

அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு சிரிப்பு விக்கல்போல் கிளம்பியது. கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தார். அற்புதசாமி, கண்ணில் நீர் வழிய, மூச்சுமுட்டச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக் கூட்டம் முழுக்கச் சிரித்தது.

மேடையிலிருந்து இறங்கியதும் அற்புதசாமி வந்து தோளில் தட்டினார். "மாப்ள, வயிறு புண்ணாயிருச்சு போங்க. நம்ம சுவரைத்தானே சொன்னீங்க? என் பொண்ணு கல்யாணத்துக்கும் இதே ஐட்டம் வேணும்."

"அப்ப கல்லு?"

"அது வேற, இது வேற மாப்ள."

கல்லறைத் திருநாளன்று கிளமென்ட் மெழுகுவர்த்தியோடு போனார். புதுக் கல் நட்டிருந்தது. மேலே ஜெசிந்தா, இன்னாரின் மகள். கீழ்ப்பாதியில் வேத வசனம், அதன் கீழே கல் உபயம் அற்புதசாமி குடும்பத்தார். ஓரம்வரை எழுத்து. ஒரு பெயர் நுழைய இடமில்லை.

ஒரு மெழுகுவர்த்தியை அங்கே ஏற்றிவிட்டு, வெளியே வந்து ரோட்டைச் சுற்றி மற்ற வாசல் வழியாகத் தங்கள் பக்கம் நுழைந்தார். சுவரோரமாக நடந்து, அவளுக்கு நேர் எதிர் என்று தோன்றிய இடத்தில் புல்லை விலக்கி, தோள் துண்டை மடித்து வைத்தார்.

இரண்டு பக்கமும் குழி வெட்டும் காளியாயி மண்வெட்டியோடு வந்து நின்றாள். "இங்க யாரும் இல்லையே சார். யாருக்கு?"

"பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறதில்லையா? அந்த மாதிரிம்மா."

சொல்லிவிட்டு, வழக்கம்போல் சிரிப்புக்காகக் காத்திருந்தார். காளியாயி சுவரைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.