ஊசிப் பெட்டியும் வேப்பிலைக் கொத்தும்

என் தம்பிக்கு முடி வெட்ட ஒக்கலிபுரத்தில் ஒரு கடைக்காரரும் சம்மதிக்கவில்லை. சொரியாசிஸ். தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் சிவப்புத் திட்டுகள், அதன் மேல் வெள்ளைச் செதில். ஒட்டுகிற வியாதி இல்லை என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது? நானே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிடுவேன். ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும்.

"எலி கடிச்ச மாதிரி இருக்குக்கா."

"எலிக்காவது உன் தலைய தொட மனசு வந்துச்சேன்னு சந்தோஷப்படு."

இரண்டு பேரும் சிரிப்போம். எனக்கு வாய் நீளம். அது தெருவறிந்த விஷயம்.

அம்மா அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். என் புருஷனும் சீக்கிரமே போய்விட்டார். நான் மல்லேஸ்வரத்தில் ஒரு காபித்தூள் கடையில் கொட்டை அரைத்துக் கொடுக்கிறேன். தம்பி ஸ்டேஷன் பக்கம் ஒரு பார்சல் ஆபீசில் மூட்டை இறக்கினான். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான். நாற்பதைத் தொட்டும் அவனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை.

களிம்பு, மாத்திரை, லைட் வைத்தியம் எல்லாம் ஓய்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் அந்த ஊசியைப் பற்றிச் சொன்னார்கள். ஆன்டிபாடி ஊசி. தோல் டாக்டரம்மா கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். உடம்புக்குள் இருக்கிற காவல், ஆள் தெரியாமல் தன் தோலையே அடிக்கிறது, இந்த ஊசி அந்தக் காவலைக் கொஞ்சம் அடக்கி வைக்கும், அதனால் வெளியிலிருந்து வரும் கிருமி விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்று விளக்கினார். டிபி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். பிறகு ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"சின்ன வயசுல இவருக்கு அம்மை, சிக்கன்பாக்ஸ், பந்திதியா?"

தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கென்ன தெரியும், அப்போது அவனுக்கு மூன்று வயது.

"வந்திருக்கு டாக்டர். எங்க ரெண்டு பேருக்கும்" என்றேன்.

கொஞ்சமும் யோசிக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் அம்மை ஒரு ஆளுக்கு வருவதில்லை, வீட்டுக்கு வருகிறது. வாசலில் வேப்பிலை கட்டுவோம். யார் கேட்டாலும் 'எங்க வீட்டுக்கு அம்மா வந்திருக்கா' என்றுதான் சொல்வோம். கொப்புளம் போட்டவருக்கும் போடாதவருக்கும் வேப்பிலைத் தண்ணீர் தலைக்கு ஊற்றுவோம். ஒன்பது வயதில் நான் வாழையிலையில் படுத்துக் கிடந்தது, கடைசியில் எனக்கும் தம்பிக்கும் அம்மா ஒரே அண்டாவிலிருந்து தண்ணீர் ஊற்றியது, இவ்வளவுதான் என் நினைவில் இருந்தது. அவன் உடம்பில் ஒரு கொப்புளமாவது இருந்ததா என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. டாக்டரம்மா தாளில் ஒரு டிக் போட்டார்.

ஊசி போடக் கற்றுக்கொண்டது நான். பேனா மாதிரி இருக்கும். அதன் பெட்டியை ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் வைக்க வேண்டும். கதவில் கூடாது, ஐஸ் அறையில் கூடவே கூடாது, உறைந்தால் குப்பைதான். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு. அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைப்பேன். சீக்கிரம் சூடாகட்டும் என்று வெந்நீரில் போட மாட்டேன், குலுக்க மாட்டேன். மருந்து தெளிவாக இருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பேன். ஒரு தடவை வலது தொடை, அடுத்த தடவை இடது, பிறகு தொப்புளிலிருந்து தள்ளி வயிறு. திட்டு இருக்கும் இடத்தில் குத்தக் கூடாது. அழுத்தியதும் பேனாவில் ஒரு 'டிக்' சத்தம், மருந்து முழுக்க இறங்கியதும் இன்னொரு 'டிக்'. இரண்டாவது வரும்வரை அவன் மூச்சுவிட மாட்டான். தீர்ந்த பேனாக்களை மூடி போட்ட ஒரு தகர டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரிக்கே கொண்டு போய்க் கொடுப்பேன். நர்ஸம்மா தந்த மஞ்சள் அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். காய்ச்சல், இருமல், தோலில் கொப்புளம், எது வந்தாலும் ஊசியை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யவும் என்று போட்டு, கீழே நம்பர் இருந்தது. பால் எடுக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் படும்.

நாலு மாதத்தில் தோல் வெளுத்துச் சுத்தமானது. அவன் அரைக்கைச் சட்டை வாங்கினான். சலூனில் போய் முடி வெட்டிக்கொண்டு வந்து, வாசலில் நின்று தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "போடா, நான் வெட்டுனதே நல்லா இருந்துச்சு" என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வருஷம் சந்தாபுராவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கார்மென்ட்ஸில் வேலை செய்கிற பெண், முப்பத்தைந்து வயது. ஊசியைப் பற்றி எதையும் மறைக்காமல் சொன்னோம். "அதுக்கென்ன, நானே போட்டுவிடறேன்" என்றாள். அப்படி ஒரு மனசை நான் பார்த்ததில்லை. வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தோம்.

பங்குனிக் கடைசியில் மாடி வீட்டுக்கு அம்மை வந்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தம்பிக்குக் காய்ச்சல். மறுநாள் நெஞ்சில் முத்து முத்தாகக் கொப்புளம்.

நான் வேப்பிலை கட்டினேன். அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினேன். வெள்ளை வேட்டி விரித்துப் படுக்க வைத்து இளநீரும் கேழ்வரகுக் கூழும் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊசி நாள். அம்மா உடம்பில் இருக்கும்போது ஊசி குத்தக் கூடாது என்று பெட்டியைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் அவன் கேட்டான். "அக்கா, அட்டைல இருக்கிற நம்பருக்கு ஒரு போன் பண்ணிடலாமா?"

"அம்மா வந்து எறங்கியிருக்கா. இப்பப் போய் ஆஸ்பத்திரி, மருந்துன்னு பேசறியே, வாய மூடிட்டுப் படு!"

அவன் வாயை மூடிக்கொண்டான். மூன்று வயதிலிருந்து என் பேச்சைத் தட்டியதில்லை. இன்றைக்கும் அந்த வார்த்தையை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முதல் தண்ணீரைச் செவ்வாய்க்கிழமை ஊற்றலாம் என்று நாள் பார்த்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் இருமல் வந்தது. மத்தியானம் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கினான். உதடு கறுத்தது. கைகூப்பி, தாயே மன்னிச்சுக்கோ என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

அம்மை நுரையீரலில் இறங்கியிருந்தது. அவனை ஐ.சி.யு.வில் வைத்தார்கள். டாக்டரம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டவில்லை. முதல் நாளே வந்திருந்தால் அதற்கென்று மருந்து இருந்தது என்றார். ஒரு தடவை வந்த ஆளுக்கு இப்படித் திரும்ப வருவது அபூர்வம், சின்ன வயதில் இவருக்கு வரவில்லை என்று தெரிந்திருந்தால் இந்த ஊசியை ஆரம்பிப்பதற்கு முன்பே தடுப்பூசி போட்டு, கொஞ்ச நாள் பொறுத்திருப்போம் என்றார்.

"ஞாயித்துக்கெளம ஊசி போடல டாக்டர்" என்றேன்.

"அது சரியாத்தான் மாடிதிரி அம்மா" என்றார். தெரியாமல் செய்த அந்த ஒன்றுதான் சரி.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் அவன் போய்விட்டான். அவனுக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரை நான் ஊற்றவே இல்லை.

அம்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று அவள் வந்து என் காதில் சொன்னாளா? சொன்னது நான். சந்தாபுராப் பெண் காரியத்துக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் கழித்துத் தகர டப்பாவையும் ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த இரண்டு ஊசிகளையும் ஆஸ்பத்திரியில் கொடுக்கப் போனேன். பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு அம்மாள், தன் மகளோடு. மகளின் புறங்கையில் அதே சிவப்பு, அதே செதில். நர்ஸம்மா தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்ணுக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"ஆ, வந்திருக்கு சிஸ்டர்" என்றாள் தாய்க்காரி.

நர்ஸம்மா பேனாவைத் திறந்தார். என் கை தானாக அந்த அம்மாளின் தோளைப் பிடித்தது.

"இரும்மா. உன் பொண்ணு ஒடம்புல வந்துச்சா? இல்ல, வீட்டுக்கு வந்துச்சா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"பெரியவனுக்குத்தான் போட்டுச்சு" என்றாள். "இவளுக்குத் தண்ணி மட்டுந்தான் ஊத்துனோம்."