தர்ப்பையில் படுத்த ராமர்

மதினி கொண்டுவந்த முதல் தர்ப்பை மோதிரத்தை அடுப்படியில், கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் பார்த்தேன். அமாவாசையன்று சேதுக்கரைக் கடலோரத்தில் தர்ப்பணம் கொடுத்தவர் யாரோ விரலிலிருந்து கழற்றி எறிந்தது. அம்மா அதை விளக்குமாற்றால் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள். "செத்தவங்களுக்குக் கட்டுனத எவளாச்சும் வீட்டுக்குள்ள கொண்டாருவாளா?" அன்றிலிருந்து மதினி கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. சென்னையில் சிற்பம் படித்தவர். கல்லையும் களிமண்ணையும் விட்டுவிட்டுக் கடல் ஒதுக்கும் கட்டையையும் சிப்பியையும் பொறுக்கிக்கொண்டு திரிவார். கடல் வழிவிட வேண்டித் திருப்புல்லாணியில் ராமர் தர்ப்பையில் படுத்துக் கிடந்தாரே, அந்தக் கோலத்தை இப்படி எறிந்த தர்ப்பைகளாலேயே செய்ய மதினிக்கு ஆசை. வயலில் இருந்த மோட்டார் அறையில் நான்கு மாத வேலை. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகவே பட்டது. நாறும் சாக்குகளைச் சுமந்தவன் நான்தானே. ஆனால் முடித்தபோது, கட்டைகள் எலும்பாக, ஆயிரக்கணக்கான மோதிரங்கள் சதையாக, மூடிய இமைகளுக்கு இரண்டு சிப்பிகளோடு ஓர் ஆள் அயர்ந்து தூங்கினார். சென்னையில் மதினியின் முதல் கண்காட்சிக்கு மறுநாள் வண்டி வருவதாக இருந்தது.

எங்கள் அய்யா, உப்பூர்வரை போய்வருவதாகச் சொல்லிப் போனவர், பதினான்கு வருடமாகத் திரும்பவில்லை. காணாமல் போனவருக்குத் தர்ப்பையில் ஆள் செய்து எரித்துக் காரியம் முடிப்பது வழக்கம். உறவினர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். அம்மா சம்மதிக்கவும் இல்லை, குங்குமத்தை விடவும் இல்லை. இந்த வழக்கம் மதினிக்குத் தெரியாது. தெரிந்த எனக்கும் அண்ணனுக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சிற்பம் முடிந்த அன்று, நான்கு மாதமாக அந்தப் பக்கம் வராத அம்மா மோட்டார் போட வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். விஷயத்தை நான் மதினியிடம் முணுமுணுத்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, எனக்குத் தெரியாது. இப்பவே பிரிச்சுடறேன்."

அம்மா உள்ளே வந்து கால்மாட்டில் குனிந்து பார்த்தாள்.

"பிரிக்காத. அவரு இன்னும் ஒரு சாண் உசரம்."

மதினி ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்து அந்த ஒரு சாணைக் கட்டினார். வண்டி வெறுமனே திரும்பிப் போனது.

காரியத்துக்குச் சேதுக்கரைக்குக் கொண்டுபோனபோது புரோகிதர், கழித்த தர்ப்பை ஆகாது என்றார். "எத்தன பேரு அப்பனுக்குக் கட்டுனது சாமி, எங்க ஆளுக்கு மட்டும் ஆகாதா?" என்று அம்மா கேட்டதும் அவர் மந்திரத்தைத் தொடங்கினார்.

இன்று மதினியின் சிற்பங்கள் ஊர் ஊராகப் போகின்றன. அந்த ராமருக்கு மட்டும் ஒரு படம்கூட இல்லை. எடுக்க வேண்டாம் என்று மதினியே சொல்லிவிட்டார். அன்று கடலோரத்தில் அண்ணன் கொள்ளியோடு குனிந்தபோது மதினி கூட்டத்துக்குப் பின்னால், தூரத்தில் ஒதுங்கி நின்றிருந்தார். அம்மா போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"செஞ்சவ நீதானத்தா. நீயும் சேர்ந்து வையி."

அண்ணனும் மதினியுமாகத்தான் வைத்தார்கள்.