கடைசிப் பத்தியை வாசித்த செல்வி அக்கா

சலூனில் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது ஓப்பநாயக்கவிலிருந்து அழைப்பு வந்தது. "நம்ம செல்வி போயிட்டா தம்பி" என்றார் செல்வி அக்காவின் கணவர். பாதி கறுப்பு, பாதி வெள்ளை மீசையோடே பஸ் ஏறினேன். அக்கா பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரியும். இரத்தினபுரியில் கருவிகள் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். அக்கா பிறந்த தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்கு மேலே மலையில் மண்சரிவு அபாயம். மழை மிஞ்சினால் சங்கு ஊதும் பெட்டியொன்றை மழைக்காலத்துக்கு முன் அங்கே வைக்கவேண்டும். நாலைந்து நாள் மழையைக் கூட்டிப் பார்த்துத்தான் அது ஊதும். அதனால் கரண்ட் போய் வந்தாலும் பிளாஷ் மெமரியில் எழுதியது அழியாமல் காக்கும் கோப்பு முறைமை என்ற மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது.

நான் இணையத்தில் ஒன்றை இறக்கி, ஒரே நாளில் ஓடவிட்டுப் பெருமையடித்தேன். லைசன்ஸை வாசித்தாயா என்று அக்கா கேட்டார். வாசித்தேன் என்றேன். தலைப்பை வாசித்திருந்தேன், பொய்யில்லை. படிப்புக்கு மட்டும், விற்கும் கருவியில் கூடாது என்று கடைசிப் பத்தியில் இருந்தது.

யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"எங்கம்மா அந்த லயத்துலதான் இருக்காங்க, அவசரம் எனக்கு இல்லையா? நாளைக்கு ஒருத்தன் வந்து கழட்டுன்னா கழட்டணும் தம்பி. அப்ப மழை நிக்குமா?"

பிறகு அவரே தேடினார். ஒன்றைப் பாவித்தால் எங்கள் நிரல் முழுவதையும் வெளியிடவேண்டும், முதலாளி சம்மதிக்கவில்லை. இன்னொன்று கரண்ட் போனதும் என்னைப் போல எல்லாவற்றையும் மறந்தது. கடைசியில், எழுதியவரின் பெயரையும் நிபந்தனையையும் கூடவே வைத்தால் போதும் என்ற ஒன்று கிடைத்தது. விரல் கொப்புளிக்கும்வரை பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தார். ஒரு வரிகூட அழியவில்லை.

எழுதியவர் ஒரு வெள்ளைக்காரர்; அவர் பெயரை அச்சடித்துப் பெட்டியில் ஒட்டினார். தோட்டத்து ஆட்கள் அதை உபயகாரர் பெயரென்று நினைத்துக் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்துவிட்டார்கள். பூசகர் நட்சத்திரம் கேட்டபோது, "கார்த்திகைன்னு சொல்லுங்க சாமி" என்றார் அக்கா, முகம் மாறாமல்.

அந்த மழையில் கரண்ட் மூன்று முறை போய் வந்தது. பெட்டி ஊதியது. எல்லோரும் பாதுகாப்புக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு மண் இறங்கி லயத்தில் இரண்டு காம்பரா வீடுகளை மூடியது. அவற்றில் ஒன்று அக்காவின் அம்மாவுடையது.

நான் பஸ்ஸில் போய் இறங்கிய அன்று, அந்த அம்மாதான் மகளின் தலைமாட்டில் இருந்தார். என் கையைப் பிடித்து, "இனிமே பெட்டிய யாரு பாக்கிறது?" என்றார்.

நான் பார்க்கிறேன் என்றேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வேலையும், எதையும் கடைசி வரிவரை வாசிக்கும் பழக்கமும். எழுத்து ரொம்பப் பொடிசு. கண்ணாடி வாங்கிவிட்டேன்.